இரண்டு வார்ப்புகளுக்கு இடைப்பட்ட நிமிடங்கள்

நான் வார்த்த முதல் ஐந்தடுக்குச் செராமிக் தகடு உலரும்போதே இரண்டாகப் பிரிந்தது. அலுமினா (அலுமினியத்தின் ஆக்சைடு), சிர்க்கோனியா (சிர்க்கோனியத்தின் ஆக்சைடு), மறுபடி அலுமினா, சிர்க்கோனியா, அலுமினா என்று மாறி மாறி ஊற்றி, ஒவ்வொன்றையும் ஜெல்லாக இறுகச் செய்து, ஈரப்பதம் நிறைந்த பெட்டிக்குள் மூன்று நாள் வைத்திருந்து எடுத்தபோது, இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் நடுவே கத்தி நுழைத்துப் பிளந்ததுபோல ஒரு வழவழப்பான பிளவு இருந்தது. பிளந்த முகங்களை உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒன்றின் துகள் மற்றொன்றில் ஓரிடத்திலும் ஒட்டியிருக்கவில்லை. அந்த இரண்டு அடுக்குகளும் தொடக்கத்திலிருந்தே சேராமல், ஒன்றின் மேல் ஒன்றாக வெறுமனே கிடந்திருக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கியது.

அடுக்குச் செராமிக்கைப் பற்றிப் பேசும்போது நாம் பொடியின் தூய்மையையும் உலையின் வெப்பநிலையையும் பற்றியே அதிகம் பேசுகிறோம். அவை முக்கியமல்ல என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெல் வார்ப்பில், ஓர் அடுக்கை ஊற்றி முடித்ததற்கும் அடுத்ததை ஊற்றத் தொடங்குவதற்கும் இடையில் கழியும் சில நிமிடங்களில்தான் தகட்டின் பெரும்பகுதி விதி எழுதப்படுகிறது என்று இத்தனை தகடுகளுக்குப் பிறகு நம்புகிறேன். அந்த நிமிடங்களில் நடப்பவற்றை இயன்றவரை விரிவாக எழுதி வைப்பதற்கே இந்தப் பதிவு.

அடுக்குகள் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கட்டியாகச் செய்த அலுமினா கடினமானது. உயர்ந்த வெப்பத்தைத் தாங்குவது. பெரும்பாலான அமிலங்களுக்கு மசியாதது. ஆனால் உள்ளே எங்கோ இருக்கும் முடியளவு விரிசல் ஒன்று ஓடத் தொடங்கிவிட்டால், அதைத் தடுத்து நிறுத்த அதனுள் எதுவும் இல்லை. உலோகத்தில் விரிசலின் முனை மழுங்கிவிடும். செராமிக்கில் அது கூர்மை குறையாமல் மறுமுனை வரை ஓடும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே அடுக்குகளை வைக்கலாம் என்பதற்கு இயற்கையிலேயே சான்று உண்டு. முத்துச்சிப்பியின் உட்புறத்தில் பளபளக்கும் படலம், எடையில் சுமார் 95 விழுக்காடு அரகோனைட் என்ற எளிதில் உடையும் கனிமம்தான். ஆனாலும் அரை மைக்ரான் தடிமனுள்ள தட்டுகளாக, நடுவே மெல்லிய புரதப் பசையோடு அடுக்கப்பட்டிருப்பதால், அந்தக் கனிமத்தின் தனிக்கட்டியைவிடப் பல மடங்கு உழைப்பைச் செலவிட்டால்தான் அதை உடைக்க முடியும்.

1990ஆம் ஆண்டு க்ளெக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சிலிக்கான் கார்பைடுத் தாள்களின் மேல் கிராஃபைட்டைப் பூசி, அடுக்கி, சுட்டு, உடைத்துப் பார்த்தார்கள். கிராஃபைட்டின் பிடிப்பு வலுவற்றது என்பதால், குறுக்கே வந்த விரிசல் அங்கே பக்கவாட்டில் திரும்பியது. உடைக்கத் தேவைப்பட்ட ஆற்றல் நூறு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. இது ஒரு வழி. மற்றொரு வழியில் அடுக்குகள் ஒன்றோடொன்று உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டும். இரண்டு பொருள்களும் குளிரும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால் எழும் உள்தகைவே, அதாவது பொருளுக்குள்ளேயே தங்கிவிடும் இழுப்பும் அமுக்கமுமே, அங்கு விரிசலைத் தடுக்கும். 1999இல் சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாங்கே குழுவினர், அமுக்கத்தில் இருக்கும் மெல்லிய அடுக்குகளைத் தடித்த அடுக்குகளுக்கு நடுவே வைத்தால், ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே பொருள் உடைவதில்லை என்று காட்டினார்கள். தடித்த அடுக்குக்குள் அடங்கும் விரிசல் எந்த நீளத்தில் இருந்தாலும், அமுக்க அடுக்கைக் கடக்கப் போதிய விசை இல்லாமல் அது நின்றுவிடுகிறது. செராமிக்கின் வலிமையை எப்போதும் நிகழ்தகவாகவே கணக்கிட்டுப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை. நான் பிடித்திருப்பது இந்த இரண்டாவது வழி. ஆகவே என் தகட்டில் அடுக்குகள் பிரிவது குறையல்ல, முழுத் தோல்வி.

இனி ஜெல் வார்ப்புக்கு வருகிறேன். இம்முறையை 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் மார்க் ஜேனியும் ஒக்பெமி ஒமாட்டேட்டேயும் உருவாக்கினார்கள். அதன் கருத்து எளிமையானது. செராமிக் பொடியை நீரில் கலந்து குழம்பாக்கும்போதே, அந்த நீரில் சிறிதளவு மோனோமரையும் (ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாகும் சிறு மூலக்கூறு) அந்தச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் குறுக்கிணைப்பியையும் கரைத்துவிட வேண்டும். ஊற்றுவதற்குச் சற்று முன், வினையைத் தொடங்கிவைக்கும் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டையும் வினையூக்கியையும் சேர்த்தால், அச்சுக்குள் சென்ற குழம்பில் மோனோமர்கள் சங்கிலிகளாக வளர்ந்து, சங்கிலிகள் குறுக்கே பிணைந்து, வலையாகி, துகள்களை அவை இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடும். பிளாஸ்டர் அச்சில் ஊற்றும் பழைய முறையில் அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்சத்தான் உரு திரளும் என்பதால் சுவரோரத்தில் ஓர் அடர்த்தியும் நடுவில் வேறோர் அடர்த்தியும் உண்டாகும். ஜெல் வார்ப்பில் நீர் வெளியேறுவதில்லை. முழு உருவும் ஒரே நேரத்தில், ஒரே அடர்த்தியில் இறுகுகிறது. உலர்ந்த உருவில் இருக்கும் கரிமப்பொருள் எடையில் 2 முதல் 4 விழுக்காடு மட்டுமே. ஆனாலும் சுடாத அந்த உருவைக் கடைசல் எந்திரத்தில் பிடித்துத் துளையிடலாம், அரம் போடலாம். சுடாத மண்கலத்தைக் குறிக்கப் பசுமட்கலம் என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு. அதை ஒட்டி, சூளை ஏறாத இந்த நிலையைப் பசுநிலை என்று நான் எழுதுவது வழக்கம்.

குழம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன அளவில் குறைந்தது பாதியாவது பொடியாக இருக்க வேண்டும். அதே சமயம் குழம்பு தானே வழிந்து பரவும் அளவுக்கு இளகலாகவும் இருக்க வேண்டும். அலுமினாத் துகள்களின் மின்சுமை ஏறத்தாழ பி.எச். 9இல் சுழியாகிவிடும் என்பதால், அம்மோனியம் பாலிஅக்ரிலேட்டைச் சேர்த்து அவற்றின் மேல் எதிர்மின் சுமையை ஏற்றி ஒன்றையொன்று விலக்க வைக்கிறோம். பிறகு சிர்க்கோனியா உருண்டைகளோடு குடுவையில் இட்டு ஒரு நாள் சுழற்றி, வெற்றிடத்தில் காற்றை அகற்றினால் குழம்பு ஆயத்தம். இங்கே அவசரப்பட்டால் அடுக்குகளின் நடுவே குமிழிகள் மிஞ்சும், அவ்வளவுதான்.

இப்போது அந்த நிமிடங்கள். முதல் அடுக்கு அச்சில் இருக்கிறது, வினை தொடங்கிவிட்டது. இரண்டாவதை எப்போது ஊற்றுவது?

மிக விரைவில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை எடைக்கணக்கே சொல்லிவிடும். பாதிக்குப் பாதி பொடியுள்ள அலுமினாக் குழம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், அதே அளவு பொடியுள்ள சிர்க்கோனியாக் குழம்பினுடையது ஏறத்தாழ 3.5 கிராம். இறுகாத அலுமினாவின் மேல் சிர்க்கோனியாவை ஊற்றுவது, இலேசான நீர்மத்தின் மேல் கனமான நீர்மத்தை நிறுத்த முயல்வதுதான். கனமானது விரல்களைப்போலக் கீழே இறங்கும். இலேசானது அவற்றின் இடுக்குகளில் மேலெழும்பும். அப்படி ஆன ஒரு தகட்டைச் சுட்டு வெட்டிப் பார்த்தபோது, நேர்கோடாக இருக்க வேண்டிய இடைமுகம் மலைத்தொடர்போல வளைந்து நெளிந்திருந்தது. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடுக்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறினால் உள்தகைவும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அந்தத் தகடு எதற்கும் பயன்படவில்லை.

மிகத் தாமதித்தால் நேர்வது முதல் பத்தியில் சொன்ன பிளவு. வலை முழுவதுமாகப் பின்னி முடிந்த பின், கீழ் அடுக்கில் வளர்ந்துகொண்டிருக்கும் சங்கிலி முனைகள் ஏறக்குறைய இல்லாமல் போகின்றன. மேலே வரும் புதிய மோனோமர் ஊடுருவ இடம் உண்டென்றாலும், இணைந்து வளர ஆள் இல்லை. மேல்முகமும் அதற்குள் காற்றில் உலரத் தொடங்கியிருக்கும். மேலடுக்கு தனக்குத்தானே ஒரு வலையைப் பின்னிக்கொள்ளும். இரண்டு வலைகளுக்கும் நடுவே பாலம் இருக்காது. உலரும்போது இரண்டும் சற்றே வெவ்வேறு வேகத்தில் சுருங்கினாலும் போதும், அந்த எல்லை கிழிந்துவிடும்.

எனவே வேண்டியது இடைப்பட்ட நிலை: கீழ் அடுக்கு மேல் அடுக்கின் எடையைத் தாங்கும் அளவுக்கு நின்றிருக்க வேண்டும், வினை அதற்குள் அடங்கியும் போயிருக்கக் கூடாது. இதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்பது நான் மிகவும் மெதுவாகக் கற்ற பாடம். அறையின் வெப்பநிலை ஓரிரு பாகை மாறினாலும், வினையூக்கி ஒரு துளி கூடினாலும், குழம்பில் கரைந்துள்ள காற்றின் அளவு வேறுபட்டாலும் நேரம் மாறிவிடுகிறது. நல்லவேளையாக இந்த வினை வெப்பம் உமிழ்வது. ஒவ்வொரு ஊற்றலின்போதும் அதே குழம்பில் சிறிதளவைத் தனிக்கிண்ணத்தில் எடுத்து, அதில் வெப்பநிலையை அளக்கும் ஒரு வெப்பமின்னிரட்டையைச் செருகி வைக்கிறேன். முதலில் ஊசி அசையாமல் இருக்கும். அந்தக் காலத்தில் குழம்பு வெறும் நீர்மம். பிறகு வெப்பநிலை மெல்ல ஏறத் தொடங்கும்; வலை பின்னத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த ஏற்றம் தொடங்கியதும் கிண்ணத்தில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குச்சியால் கோடு இழுத்துப் பார்ப்பேன். கோடு மூடிக்கொண்டால் காத்திருப்பேன். மூடாமல் நின்றால் உடனே ஊற்றுவேன். என் கலவையில் இந்த வாய்ப்பு நீடிப்பது இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள். அச்சில் உள்ள உருவை ஒருபோதும் தொட்டுப் பார்ப்பதில்லை. சோதிக்கும் ஆவலில் பதித்த ஒரு குச்சித் தடம் சுட்ட பின்னும் விரிசலாக நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஊற்றும் விதமும் முக்கியம். நேராக ஊற்றினால் விழும் தாரை கீழ் அடுக்கில் குழி பறிக்கும். அச்சின் சுவரில் சாய்த்து வைத்த ஒரு மெல்லிய தகட்டின் மேல் ஊற்றி, அதன் விளிம்பிலிருந்து குழம்பு படர்ந்து இறங்கும்படி செய்கிறேன். தடிமனை அளவுகோலால் அளப்பதைவிட எடையால் அளப்பது நம்பகமானது. 60 மில்லிமீட்டர் சதுர அச்சில் 1 மில்லிமீட்டர் அடுக்குக்கு அலுமினாக் குழம்பு 9 கிராம் வேண்டும். சிர்க்கோனியாக் குழம்பு ஏறத்தாழ 12.6 கிராம்.

ஆக்சிஜனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிய என் எண்ணமே மாறியது. தனியுறுப்பு முனைகளை (இணை சேராத எலக்ட்ரானைக் கொண்ட, எளிதில் வினைபுரியும் முனைகளை) கொண்டு வளரும் இந்தச் சங்கிலிகளை ஆக்சிஜன் பாதியிலேயே நிறுத்திவிடும். காற்றுப் படும் மேல்முகம் அதனால் இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருந்து, உலர்ந்த பின் செதில் செதிலாக உதிரும். ஒற்றை அடுக்கு உருவைச் செய்பவர்கள் இதற்காகவே நைட்ரஜன் சூழலில் வார்க்கிறார்கள். நானும் தொடக்கத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் நைட்ரஜனைச் செலுத்தி மேல்முகத்தை நன்கு இறுகச் செய்தேன். பிரிந்த தகடுகள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. பல் மருத்துவத்தில் ரெசின் பூச்சுகளை அடுக்கடுக்காக வைக்கும்போது, காற்றினால் இறுகாமல் நிற்கும் மேற்படலமே அடுத்த பூச்சைப் பிணைக்க உதவுகிறது என்பதை அறிந்தபோது, என் அச்சிலும் அதுவே நடக்கலாம் என்று பட்டது. இப்போது இடை அடுக்குகளின் மேல்முகத்தைக் காற்றிலேயே விட்டுவிடுகிறேன். அதன் மேல் அடுத்த குழம்பு படர்ந்ததும் காற்றின் தொடர்பு அறுபடுகிறது. மிஞ்சிய ஆக்சிஜன் வினையில் தீர்ந்துபோகிறது. இறுகாமல் நின்ற படலம் மேலடுக்கோடு சேர்ந்தே இறுகுகிறது. கடைசி அடுக்குக்கு மட்டும் நைட்ரஜன். தனி உருவுக்குப் பகையாக இருப்பது அடுக்குகளுக்கு நட்பாகிறது என்பது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று.

பொருத்தம் குழம்பைத் தயாரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இரண்டு குழம்புகளிலும் மோனோமரின் செறிவு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையெனில் நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்து, இடைமுகத்தின் ஒருபுறம் சிறுத்து மறுபுறம் உப்பும். பொடியின் கன அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனெனில் சுருக்கத்தை அதுதான் தீர்மானிக்கிறது. கன அளவில் 50 விழுக்காடு பொடியுள்ள உரு, துளையே இல்லாமல் முழு அடர்த்தி பெறும்போது, ஊற்றிய அளவிலிருந்து நீளத்தில் 20.6 விழுக்காடு சுருங்கும். 52 விழுக்காடு உள்ளது 19.6 விழுக்காடு சுருங்கும். குழம்பில் 2 விழுக்காடு பிசகினால், 100 மில்லிமீட்டர் தகட்டில் இரண்டு அடுக்குகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர் சண்டை. அந்தச் சண்டையைத் தாங்கும் பசை எதுவும் இல்லை.

உலர்த்துவதில் பொறுமையைத் தவிர இரகசியம் இல்லை. தொடக்கத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஈரப்பதத்தில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். இரு முகங்களிலிருந்தும் நீர் சமமாக வெளியேறும்படி உருவைச் சல்லடைத் தட்டின் மேல் வைக்க வேண்டும். பிறகு 600 பாகை செல்சியஸ் வரை மிக மெதுவாகச் சூடேற்றி ஜெல்லை எரித்து அகற்றுகிறோம்.

உலையில் மறுபடியும் அடுக்குகளின் பொருத்தமின்மை தலைதூக்குகிறது. நுண்ணிய சிர்க்கோனியாப் பொடி அலுமினாவுக்கு முன்பே சுருங்கத் தொடங்கிவிடும். இறுதிச் சுருக்கம் சமமாகவே இருந்தாலும், வழியில் ஒன்று முந்தி ஓடினால் மற்றொன்று இழுபடும். இதற்கு நான் கண்ட மருந்து, இரண்டு அடுக்குகளிலும் இரண்டு பொருள்களையும் கலப்பது: அலுமினா அடுக்கில் சிறிது சிர்க்கோனியா, சிர்க்கோனியா அடுக்கில் சிறிது அலுமினா. சுருங்கும் வேகங்கள் நெருங்கி வருகின்றன. வெப்ப விரிவுகளும் நெருங்குகின்றன. ஒன்றின் படிக மணிகள் மற்றொன்றின் படிக மணிகள் பருத்துவிடாமல் தடுக்கின்றன. அடுக்குகளை ஒற்றைப்படை எண்ணில், நடுவிலிருந்து பார்த்தால் மேலும் கீழும் ஒன்றாக இருக்கும்படி அமைக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஈரடுக்குத் தகடு உலையிலிருந்து வளைந்தே வெளிவரும்.

இவ்வளவும் பொருந்திய பிறகு, நாம் விரும்பி வரவழைக்கும் உள்தகைவைக் கணக்கிடலாம். அலுமினாவின் வெப்ப விரிவுக் குணகம் ஒரு பாகைக்கு ஏறத்தாழ பத்து இலட்சத்தில் 8 பங்கு. இட்ரியா (இட்ரியத்தின் ஆக்சைடு) சேர்த்த சிர்க்கோனியாவினுடையது பத்தைத் தாண்டுகிறது. இரண்டும் இறுகப் பிணைந்த நிலையில் ஏறத்தாழ 1200 பாகை குளிரும்போது, சிர்க்கோனியா 0.3 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாகச் சுருங்க விரும்பும், அலுமினா விடாது. விளைவாக அலுமினா அமுக்கத்திலும் சிர்க்கோனியா இழுவிசையிலும் நிற்கின்றன. கலப்பில்லாத இரண்டு பொருள்களைச் சம தடிமனில் வைத்தால் கணக்கின்படி இரண்டிலும் 500 மெகாபாஸ்கலுக்கு மேல் தகைவு எழுகிறது. சிர்க்கோனியாவால் அந்த இழுவிசையைத் தாங்க முடியாமல், அடுக்குக்குக் குறுக்கே வரிசையாகக் கோடுகள் விழும். என் இரண்டாம் தொகுதித் தகடுகளில் அந்தக் கோடுகள் ஒழுங்கான இடைவெளியில், யாரோ அளந்து கீறியவைபோல விழுந்திருந்தன. அலுமினாவின் தடிமனைச் சிர்க்கோனியாவின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் கணக்கு தலைகீழாகிறது: மெல்லிய அலுமினாவில் அமுக்கம் 1 ஜிகாபாஸ்கலைத் தாண்டுகிறது, தடித்த சிர்க்கோனியாவில் இழுவிசை 130 மெகாபாஸ்கல் அளவில் அடங்குகிறது. தடித்தது தாங்குகிறது, மெல்லியது தடுக்கிறது.

ஆகவே இலக்கு மெல்லிய அலுமினா. அங்கேதான் ஊற்றும் முறை கைவிடுகிறது. 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே குழம்பு தானாகப் பரவுவதில்லை. சுவரோரத்தில் ஏறிக்கொண்டு நடுவில் மெலிந்து போகிறது. குழம்பை ஜெல்லாக இறுகும் தாளாக வார்த்து அடுக்கலாம். ஆனால் அடுக்கும்போது தாள்கள் ஏற்கெனவே இறுகியிருக்கும் என்பதால், முதல் பத்தியின் பிளவு திரும்பி வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

ஜெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் மோனோமராகப் பயன்பட்ட அக்ரிலமைடு நரம்புகளுக்கு நஞ்சு. 1994 முதல் அது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. நஞ்சு குறைந்த மெத்தக்ரிலமைடுக்கு மாறியது நல்லது. அதையும் கையுறையோடும் புகைபோக்கியின் கீழும் மட்டுமே கையாள வேண்டும். அகாரைப் போன்ற இயற்கை ஜெல்கள் இன்னும் பாதுகாப்பானவை. ஆனால் அவற்றில் ஒரு நுட்பம் உண்டு: அகார் ஏறத்தாழ 40 பாகைக்குக் கீழே இறுகும், மறுபடி உருக 85 பாகை வேண்டும். 60 பாகையில் ஊற்றும் இரண்டாம் அடுக்கால், இறுகிவிட்ட முதல் அடுக்கின் மேற்பரப்பைக் கூட உருக்க முடியாது. எனவே அங்கும் கீழ் அடுக்கு பாதி இறுகியிருக்கும் வேளையைப் பிடித்தாக வேண்டும். வெப்பநிலை இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே அங்கு கடிகாரம்.

இப்போது முயன்றுகொண்டிருப்பது, பாதி இறுகிய சிர்க்கோனியாவின் மேல் நீர் சேர்த்து இளக்கிய அலுமினாக் குழம்பைத் தெளிப்பது. தெளித்த குழம்பில் பொடி குறைவு என்பதால் அது கூடுதலாகச் சுருங்க விரும்பும் என்ற அச்சம் இருந்தது. ஆனால் அடுக்கு மெல்லியதாக இருப்பதால், நீள அகலத்தில் அடுத்த அடுக்குகள் அதைப் பிடித்து நிறுத்த, அது பெரும்பாலும் தடிமனில் மட்டுமே சுருங்குகிறது. சென்ற வாரம் சுட்டெடுத்த ஏழடுக்குத் தகட்டில் அலுமினா 0.15 மில்லிமீட்டர் அளவில் நின்றது. அதிலிருந்து அறுத்த ஒரு பட்டையை மூன்று புள்ளிகளில் தாங்கி வளைத்தபோது, கீழிருந்து கிளம்பிய விரிசல் முதல் அலுமினாக் கோட்டில் நின்றது. விசையைக் கூட்டிய பிறகே அதைக் கடந்தது, இரண்டாவதில் மறுபடி நின்றது. அதே தகட்டின் மற்றொரு பட்டையில் தெளிப்பு விட்டுப்போன ஓரிடம் இருந்தது. விரிசல் எங்கும் நிற்காமல் அந்த ஓட்டையைத் தேடிப்போய் நுழைந்தது. ஒரே அடுக்கை இரண்டு திசைகளில் குறுக்காகத் தெளித்துப் பார்ப்பதற்கான அச்சு இப்போது மேசையில் ஆயத்தமாக இருக்கிறது.